கடல் கடந்து வரும் கணினி ஆய்வகம்: கேம்பல் பேயில் 'விர்ச்சுவல் டெஸ்க்டாப்' கைகொடுக்குமா?

கேம்பல் பே: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தென்கோடியில் உள்ள கிரேட் நிக்கோபார் தீவின் முக்கியக் குடியிருப்புப் பகுதி கேம்பல் பே. கலத்தியா விரிகுடாவில் திட்டமிடப்பட்டுள்ள சரக்குப் பெட்டகத் துறைமுகத்தால் அண்மைக் காலமாகச் செய்திகளில் அதிகம் இடம்பெறும் பகுதி இது. ஆனால், இங்குப் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் பலருக்கு அடுத்த கட்டக் கல்வி என்பது இன்றும் ஒரு கடல் பயணத்தில்தான் தொடங்குகிறது.

தீவுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தைச் (முந்தைய போர்ட் பிளேர்) சுற்றியே அமைந்துள்ளன. 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும், பொறியியல் கல்வி வழங்கும் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் அங்குதான் உள்ளன. கேம்பல் பேயில் இருந்து ஸ்ரீ விஜயபுரம் 500 கி.மீ.க்கும் அதிகமான தொலைவில் உள்ளது. வழியில் பிற தீவுகளைத் தொட்டுச் செல்லும் கப்பல்களில் இப்பயணம் ஒரு நாளைத் தாண்டி நீளும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் பயணத் திட்டமே மாறிவிடும்.

பாடப் புத்தகங்களைக் கப்பலில் அனுப்பலாம். விரிவுரைகளைக் காணொலியில் கேட்கலாம். கணினி ஆய்வகத்தை எப்படி அனுப்புவது? இந்தக் கேள்விக்கு உலகின் பல கல்லூரி வளாகங்கள் கண்டறிந்துள்ள விடைகளில் ஒன்றுதான் 'விர்ச்சுவல் டெஸ்க்டாப்' எனப்படும் மெய்நிகர் கணினி. அது என்ன, எப்படி இயங்குகிறது, கேம்பல் பே போன்ற தொலைதூரத் தீவில் அதை நம்பலாமா என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

மெய்நிகர் கணினி என்றால் என்ன?

வழக்கமான கணினி ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவரின் மேசையிலும் ஒரு முழுக் கணினி இருக்கும். அதற்குள்ளேயே செயலி, நினைவகம், வன்தட்டு, இயங்குதளம், மென்பொருள்கள் அனைத்தும் அடங்கியிருக்கும். 40 மாணவர்களுக்கு 40 கணினிகள் தேவை. அவை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மென்பொருளை நிறுவி, தனித்தனியாகப் பழுது பார்க்க வேண்டும்.

மெய்நிகர் கணினி முறையில் இந்த 40 கணினிகளும் ஒரே இடத்தில் உள்ள ஒன்றிரண்டு சக்திவாய்ந்த சர்வர்களுக்குள் மென்பொருள் வடிவில் இயங்குகின்றன. ஒரு சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினியைப் போல இயங்கச் செய்யும் அடிப்படை மென்பொருளுக்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர்.

மாணவரின் மேசையில் ஒரு திரை, விசைப்பலகை, மவுஸ், இவற்றை வலையமைப்புடன் இணைக்கும் கையடக்கப் பெட்டி ஆகியவை மட்டுமே இருக்கும். இந்தப் பெட்டி 'தின் கிளையன்ட்' எனப்படுகிறது. மாணவர் ஒரு விசையை அழுத்தினால் அந்தத் தகவல் சர்வருக்குச் செல்கிறது. சர்வரில் உள்ள அவரது மெய்நிகர் கணினி அதற்கேற்பச் செயல்பட்டு, மாறிய திரைக் காட்சியை மட்டும் சுருக்கித் திருப்பி அனுப்புகிறது. கணக்கீடு ஓர் இடத்தில் நடக்கிறது; அதன் காட்சி மட்டும் மாணவரின் கண்முன் தெரிகிறது.

இதனால் புதிய தின் கிளையன்ட் பெட்டிகள்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புதிய மென்பொருள்களின் சுமையைத் தாங்க முடியாமல் ஓரம் கட்டப்பட்ட பழைய கணினி, மாணவரின் சொந்த மடிக்கணினி, கையடக்கக் கணினி ஆகியவற்றின் மூலமும் இந்த மெய்நிகர் கணினியைப் பயன்படுத்த முடியும்.

இதை 'விர்ச்சுவல் லேப்ஸ்' எனப்படும் மெய்நிகர் ஆய்வகங்களுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் ஆதரவில், டெல்லி ஐஐடியின் ஒருங்கிணைப்பில் செயல்படும் விர்ச்சுவல் லேப்ஸ் திட்டத்தில் இயற்பியல், வேதியியல், பொறியியல் சோதனைகளை இணையத்தில் பாவனையாகச் செய்து பார்க்கலாம். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் அதில் பங்கு வகிக்கிறது. அங்குக் கிடைப்பது ஒரு சோதனை. மெய்நிகர் கணினியில் கிடைப்பதோ மாணவர் தம் விருப்பப்படி நிரல் எழுதவும், படம் வரையவும், கோப்புகளைச் சேமிக்கவும் கூடிய ஒரு முழுக் கணினி.

பழைய யோசனையின் புதிய வடிவம்

ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் யோசனை புதியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டிலேயே ஒரே கணினியைப் பல முனையங்களிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தும் 'நேரப் பகிர்வு' முறை செய்து காட்டப்பட்டது. இந்தியாவிலும் கான்பூர் ஐஐடிக்கு 1963ஆம் ஆண்டு வந்த ஐபிஎம் 1620 கணினியும், சென்னை ஐஐடியில் 1973ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 கணினியும் வளாகம் முழுவதற்கும் பொதுவானவையாகவே இருந்தன. துளையிட்ட அட்டைகளில் நிரலைக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருந்த மாணவர் தலைமுறை அது.

1980களில் தனிநபர் கணினிகள் வந்த பிறகு அந்தப் பெரிய கணினி மாணவரின் மேசைக்கு இறங்கி வந்தது. பின்னர் வலையமைப்பின் வேகம் கூடியதும், அது மீண்டும் மைய அறைக்கே திரும்பத் தொடங்கியது.

கல்லூரி வளாகத்தில் இதற்கு முன்னோடியாகக் குறிப்பிடப்படுவது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கு 2004ஆம் ஆண்டு 'விர்ச்சுவல் கம்ப்யூட்டிங் லேப்' என்ற முறை அறிமுகம் செய்யப்பட்டது. பொறியியல் மாணவர் தமக்குத் தேவையான மென்பொருள் உள்ள கணினியை இணையத்தில் முன்பதிவு செய்து, விடுதி அறையில் இருந்தே பயன்படுத்தலாம். பின்னர் இந்த மென்பொருள் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டு, எந்தக் கல்லூரியும் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கூடிய திறமூல மென்பொருளாக மாறியது.

இந்தியாவில் டெல்லி ஐஐடி தனது வளாகத் தேவைக்காக 'பாதல்' (இந்தியில் மேகம்) என்ற பெயரில் சொந்த மேகக் கணினி மென்பொருளை உருவாக்கியது. அதற்கும் முன்னதாக, 2000களின் பிற்பகுதியில், ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் 5,000 அரசுப் பள்ளிகளில் ஒரே கணினியைப் பல திரைகள் பகிர்ந்துகொள்ளும் முறை செயல்படுத்தப்பட்டது. அண்மையில் 2025ஆம் ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் 'ஜியோபிசி' என்ற பெயரில், தொலைக்காட்சிப் பெட்டியையே கணினியாகப் பயன்படுத்தும் மேகக் கணினிச் சேவையை வீடுகளுக்கு அறிமுகம் செய்தது. கல்லூரிகளும் பெருநிறுவனங்களும் மட்டுமே அறிந்திருந்த தொழில்நுட்பம் இன்று வீட்டு வரவேற்பறை வரை வந்துவிட்டது.

தீவுக்கு ஏன் பொருத்தம்?

கேம்பல் பே போன்ற இடங்களில் கணினி ஆய்வகம் நடத்துவதில் உள்ள சிக்கல்கள் நிலப்பகுதியில் உள்ளவற்றிலிருந்து மாறுபட்டவை. ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்யும் தீவு இது. ஈரப்பதமும் உப்புக் காற்றும் மின்னணுச் சாதனங்களின் இணைப்புகளை அரித்துவிடும். மின்விசிறியால் வெளிக்காற்றை உள்ளிழுத்துக் குளிரும் சாதாரண மேசைக் கணினிக்கு இது கெடுதலான சூழல். விசிறியே இல்லாமல் மூடிய பெட்டியாக வரும் தின் கிளையன்ட் இத்தகைய சூழலைக் கூடுதலாகத் தாங்கும். சர்வர்களை மட்டும் குளிரூட்டி, ஈரப்பதம் கட்டுப்படுத்திய ஒரு சிறிய அறையில் பாதுகாத்தால் போதும். 40 கணினிகளைப் பாதுகாப்பதை விட ஓர் அறையைப் பாதுகாப்பது எளிது.

இரண்டாவது, பழுது நீக்கம். ஒரு கணினியின் மின்பலகை பழுதானால் உதிரிப் பாகமும் தொழில்நுட்பப் பணியாளரும் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ வர வேண்டும். தின் கிளையன்டில் மாணவரின் கோப்போ மென்பொருளோ இருப்பதில்லை. பழுதான பெட்டியைக் கழற்றிவிட்டு, இருப்பில் உள்ள வேறொன்றைச் செருகினால் அடுத்த சில நிமிடங்களில் வகுப்பைத் தொடரலாம். இதற்குத் தனித் தொழில்நுட்பப் பணியாளர் தேவையில்லை. ஆய்வக உதவியாளரே செய்துவிட முடியும்.

மூன்றாவது, மின்சாரம். தீவுகளின் மின் உற்பத்தி இன்னமும் பெருமளவில் டீசலையே சார்ந்துள்ளது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. திரையைத் தவிர்த்து, ஒரு மேசைக் கணினி பணியின்போது 80 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால் 40 கணினிகளுக்கு 3,200 வாட் தேவை. ஒரு தின் கிளையன்ட் 10 வாட் எடுத்துக்கொண்டால் 40 பெட்டிகளுக்கு 400 வாட் போதும். சர்வர்களுக்கும் அவற்றைக் குளிரூட்டுவதற்கும் ஆகும் மின்சாரத்தை இதனுடன் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அப்போது சேமிப்பின் அளவு குறையும் என்றாலும், மின்தடையின்போது யுபிஎஸ் பேட்டரியில் ஆய்வகம் இயங்கும் நேரம் குறிப்பிடத்தக்க அளவு கூடும்.

நான்காவது, மென்பொருள் நிர்வாகம். மெய்நிகர் முறையில் நிர்வாகி ஒரே ஒரு மாதிரிக் கணினியைத் தயார் செய்கிறார். அதன் பிரதிகளே எல்லா மாணவர்களுக்கும் வழங்கப்படுகின்றன. பாதுகாப்புத் திருத்தத்தையோ புதிய பாடத்திற்கான மென்பொருளையோ மாதிரியில் ஒரு முறை சேர்த்தால் மறுநாள் காலை 40 திரைகளிலும் அது இருக்கும். தமிழ் 99 விசைப்பலகையும் ஒருங்குறி எழுத்துருக்களும் இப்படித்தான். ஒரு முறை மாதிரியில் சேர்த்தால் போதும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1969ஆம் ஆண்டு முதல் கிரேட் நிக்கோபாரில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எனவே வங்கம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி எனப் பல மொழி பேசும் மாணவர்கள் ஒரே அறையில் அமரும் தீவில் இந்த வசதி சிறியதன்று.

கேபிள் வந்த பிறகு மாறியது என்ன?

இவ்வளவு வசதிகள் இருந்தும், சில ஆண்டுகளுக்கு முன்பு நிலப்பகுதியில் உள்ள ஒரு மெய்நிகர் கணினியைக் கேம்பல் பேயிலிருந்து பயன்படுத்துவது நடைமுறையில் இயலாத காரியமாக இருந்தது. அதற்குக் காரணம் செயற்கைக்கோள் இணைப்பு.

புவிநிலைச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் உள்ளன. சமிக்ஞை மேலே சென்று கீழே இறங்க 72 ஆயிரம் கி.மீ. பயணிக்க வேண்டும். விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் சென்றாலும் அதற்குச் சுமார் 240 மில்லி விநாடி ஆகும். விசையை அழுத்திய தகவல் சென்று, மாறிய திரை திரும்பி வர ஏறத்தாழ அரை விநாடி. மின்னஞ்சல் படிப்பவருக்கு அரை விநாடி பெரிதில்லை. ஆனால், தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தும் அரை விநாடி கழித்தே திரையில் தோன்றினால், ஒரு வரி நிரல் எழுதுவதற்குள் மாணவர் சலித்துவிடுவார். இணைப்பின் கொள்ளளவை எவ்வளவு கூட்டினாலும் இந்தத் தாமதம் குறையாது. அது தொலைவு விதிக்கும் தாமதம்.

இந்த நிலையை மாற்றியது சென்னை - அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடி இழை கேபிள். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டு, 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கி வைக்கப்பட்ட இத்திட்டம், சுமார் 2,300 கி.மீ. நீளமும் சுமார் 1,224 கோடி ரூபாய் செலவும் கொண்டது. மத்திய அரசின் அனைவருக்குமான சேவை நிதியத்தின் நிதியில் பிஎஸ்என்எல் இதனைச் செயல்படுத்தியது. சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் இக்கேபிள், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் ஐலேண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் செல்கிறது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. அதாவது 1,000 கி.மீ.க்கு 5 மில்லி விநாடி. கேபிளின் முழு நீளமான 2,300 கி.மீ.யையும் கணக்கில் எடுத்துக்கொண்டால்கூட, போய்த் திரும்ப ஆகும் நேரம் சுமார் 23 மில்லி விநாடிதான். வழியில் உள்ள கருவிகள் மேலும் சிறிது தாமதத்தைச் சேர்க்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது மெய்நிகர் கணினிச் சேவைக்குப் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 150 மில்லி விநாடி. சென்னையில் உள்ள தரவு மையத்தின் கணினியைக் கேம்பல் பே மாணவர் பயன்படுத்துவதற்கு இயற்பியல் இனித் தடையாக இல்லை.

கொள்ளளவும் அப்படியே. சாதாரண அலுவலகப் பணிக்கு ஒரு பயனருக்கு விநாடிக்கு 1.5 முதல் 3 மெகாபிட் வரை தேவை என்று கொண்டால், 40 மாணவர்களுக்கு 60 முதல் 120 மெகாபிட் வரை வேண்டும். போர்ட் பிளேருக்கும் பிற தீவுகளுக்கும் இடையே இக்கேபிளின் கொள்ளளவு விநாடிக்கு 2 x 100 ஜிகாபிட் என அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்தின் தேவை அதில் ஒரு சிறு துளியே. கேபிள் கரையேறும் இடத்திலிருந்து ஆய்வக அறை வரையிலான கடைசிச் சில கிலோ மீட்டர்களில் என்ன வேகம் கிடைக்கிறது என்பதே நடைமுறையில் முடிவு செய்யும் காரணி. மாணவர்கள் அனைவரும் காணொலி பார்க்கத் தொடங்கினால் தேவை பல மடங்கு உயரும் என்பதையும் திட்டமிடும்போது கருத்தில் கொள்ள வேண்டும்.

கேபிள் அறுந்தால்?

இங்குதான் தீவுக் கல்லூரிக்கான முக்கியக் கேள்வி எழுகிறது. வழக்கமான ஆய்வகத்தில் ஒரு கணினி பழுதானால் ஒரு மாணவர் பாதிக்கப்படுவார். இணையம் போனாலும் மற்றவர்கள் நிரல் எழுதிக்கொண்டிருப்பார்கள். மெய்நிகர் ஆய்வகத்தில் சர்வருடனான இணைப்பு அறுந்தால் 40 திரைகளும் ஒரே நேரத்தில் இருண்டுவிடும். செய்முறைத் தேர்வு நாளில் அது நேர்ந்தால், கப்பல் ஏறாமல் படிக்கலாம் என்ற நம்பிக்கையில் சேர்ந்த மாணவரின் ஒரு பருவமே கேள்விக்குறியாகும்.

கடலடிக் கேபிள்கள் நங்கூரம், மீன்பிடி வலை, நிலநடுக்கம், கடலடி மண்சரிவு ஆகியவற்றால் அறுந்துபோவது உலகெங்கும் நடப்பதுதான். பசிபிக் தீவு நாடான டோங்காவில் 2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி எரிமலை வெடித்தபோது, நாட்டை உலகுடன் இணைத்த ஒரே கேபிள் அறுந்தது. பிரதான தீவுக்கு அந்த இணைப்பு மீண்டும் கிடைக்கச் சுமார் ஐந்து வாரங்கள் ஆயின. பிற தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஓராண்டுக்கும் மேலானது. தைவானின் மாட்சு தீவுகளுக்கான இரண்டு கேபிள்களும் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வார இடைவெளிக்குள் அறுந்தபோது, சுமார் 50 நாட்கள் அங்குள்ள மக்கள் மிகக் குறைந்த வேக இணைப்புடன் சமாளிக்க நேர்ந்தது. பழுது நீக்கும் கப்பல்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதே இத்தாமதத்திற்கு முக்கியக் காரணம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதியில் உள்ளன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி நிகழ்ந்த நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. ஆழிப்பேரலையில் கேம்பல் பேயைச் சுற்றிய குடியிருப்புகள் பெரும் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் சந்தித்தன. எனவே, கேபிள் எப்போதும் இருக்கும் என்று கருதிக் கட்டப்படும் ஆய்வகம் இத்தீவின் வரலாற்றை மறந்து கட்டப்படுவதாகும்.

சர்வரை எங்கே வைப்பது?

ஒரு கல்லூரி நிர்வாகத்தின் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நிலப்பகுதியில் உள்ள வணிக மேகக் கணினிச் சேவையை வாடகைக்கு எடுப்பது. சர்வர் வாங்கும் முதலீடு இல்லை. பழுது நீக்கும் பொறுப்பும் இல்லை. பயன்படுத்திய நேரத்திற்குக் கட்டணம் செலுத்தினால் போதும். மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள் ஆகியவற்றுக்கு இந்தியாவிலேயே தரவு மையங்கள் உள்ளன. ஆனால், கட்டணம் மாதந்தோறும் தொடரும். மறதியால் அணைக்கப்படாத மெய்நிகர் கணினிகள் இரவெல்லாம் கட்டணத்தை ஏற்றும். கேபிள் அறுந்தால் ஆய்வகமும் நின்றுவிடும்.

இரண்டாவது, ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் சர்வர்களை வைத்து, பிற தீவுகளுக்கும் அங்கிருந்தே கணினி வழங்குவது. இதன் மூலம் தலைநகரில் உள்ள ஆய்வகத்தின் அதே மென்பொருள், அதே பாடப்பயிற்சி, அதே தேர்வுச் சூழல் ஆகியவை கேம்பல் பே மாணவருக்கும் கிடைக்கும். சென்னைக்கான இணைப்பு அறுந்தாலும், தீவுகளுக்கு இடையிலான கேபிள் இயங்கும் வரை ஆய்வகம் இயங்கும். ஆனால், தீவுகளுக்கு இடையிலான இணைப்பும் கடலடியில்தான் செல்கிறது.

மூன்றாவது, கேம்பல் பேயிலேயே சிறிய சர்வர்களை நிறுவுவது. மாணவரின் திரைக்கும் சர்வருக்கும் இடையே ஒரு சுவர் மட்டுமே இருக்கும்; தாமதம் என்ற பேச்சே எழாது. கேபிள் இல்லாத நாளிலும் வகுப்பு நடக்கும். ஒரு மாணவருக்கு 4 ஜிகாபைட் நினைவகம் என்று கணக்கிட்டால் 40 பேருக்கு 160 ஜிகாபைட். இன்று நடுத்தர சர்வர் ஒன்றே 256 ஜிகாபைட் நினைவகத்துடன் கிடைக்கிறது. ஒன்று பழுதானால் மற்றது முழுச் சுமையையும் ஏற்கும் வகையில் இரண்டு சர்வர்கள் வேண்டும். உதிரி வன்தட்டுகளையும் முன்கூட்டியே வாங்கி இருப்பில் வைக்க வேண்டும்.

இவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைப்பதே தீவுக்கு ஏற்ற வழியாகத் தெரிகிறது. மாதிரிக் கணினியைத் தலைநகரில் உள்ள வல்லுநர்கள் தயாரிப்பார்கள். அது இரவு நேரத்தில் கேபிள் வழியே கேம்பல் பே சர்வருக்கு வந்து சேரும். பகலில் மாணவர்கள் உள்ளூர் சர்வரிலேயே பணியாற்றுவார்கள். அவர்களது கோப்புகளின் பிரதி இரவில் தலைநகருக்குச் செல்லும். கேபிள் அறுந்தால் புதுப்பித்தல் தள்ளிப்போகும், தேர்வு தள்ளிப்போகாது. கேபிளை அன்றாட உயிர்நாடியாக வைத்துக்கொள்ளாமல், சரக்குக் கப்பலைப் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு இது.

எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்கள்

மெய்நிகர் கணினியை அறிமுகம் செய்த வளாகங்கள் பொதுவாகச் சந்திக்கும் சிக்கல்களும் உண்டு. காலை 9.30 மணிக்கு வகுப்பு தொடங்கும்போது 40 பேரும் ஒரே நேரத்தில் உள்நுழைந்தால் சர்வர் திணறும். இதற்கு 'பூட் ஸ்டார்ம்' என்று பெயர். வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே மெய்நிகர் கணினிகள் தானாக இயங்கத் தொடங்கும்படி நேரம் குறித்து வைப்பதும், வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமும் இதற்குத் தீர்வு.

கட்டட வரைபடம், முப்பரிமாண வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி போன்ற பாடங்களுக்குத் தனி வரைகலைச் செயலி தேவைப்படும். அது செலவை வெகுவாக உயர்த்தும். நுண்கட்டுப்பாட்டுப் பலகைகள், அளவீட்டுக் கருவிகள் போன்றவற்றை யுஎஸ்பி வழியாக இணைத்துச் செய்யும் பயிற்சிகள் மெய்நிகர் கணினியில் எப்போதும் சீராக அமைவதில்லை. ஆகவே, ஆய்வகத்தில் சில சாதாரணக் கணினிகளை வைத்திருப்பது அவசியம்.

உரிமக் கட்டணம் பலரும் கவனிக்கத் தவறும் செலவு. விண்டோஸ் இயங்குதளத்தை மெய்நிகர் முறையில் பயன்படுத்தத் தனி உரிமம் தேவைப்படலாம். கணினியுடன் வந்த உரிமம் அதற்குப் பொருந்தாது. சில ஹைப்பர்வைசர் மென்பொருள்களுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. நிரலாக்கம், அலுவலகப் பயன்பாடு, புள்ளியியல் போன்ற பாடங்களுக்கு லினக்ஸும் திறமூல மென்பொருள்களும் போதுமானவை என்பதால், எந்தப் பாடத்திற்கு எது தேவை என்பதைப் பேராசிரியர்களுடன் பேசி முடிவு செய்த பிறகே ஒப்பந்தப்புள்ளி கோருவது நல்லது.

மாணவர் கோப்புகளும் கவனத்திற்குரியவை. சில கல்லூரிகள் வகுப்பு முடிந்ததும் மெய்நிகர் கணினியை அழித்து, மறுநாள் புதிய பிரதியை வழங்குகின்றன. வைரஸ் தொல்லை நீங்க இது சிறந்த வழி. ஆனால், மாணவரின் கோப்புகளுக்குத் தனிச் சேமிப்பிடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையில் சேமித்த திட்டப்பணி மறுநாள் இருக்காது. இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவசியம்.

அனைத்துக்கும் மேலாக, தீவில் தங்கிப் பணியாற்றும் ஒரு நிர்வாகி வேண்டும். மெய்நிகர் ஆய்வகம் மேசைகளில் உள்ள வேலையைக் குறைக்கிறது. சர்வர் அறையில் உள்ள வேலைக்குக் கூடுதல் திறனைக் கோருகிறது. உள்ளூர் இளைஞர் ஒருவருக்கு இப்பயிற்சியை அளித்து நியமிப்பதே, ஒவ்வொரு பழுதுக்கும் தலைநகரை எதிர்நோக்காமல் இருக்க வழி.

எங்கிருந்து தொடங்குவது?

முழு வளாகத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டிய தேவையில்லை. பத்து இருக்கைகள், ஒரு பாடம், ஒரு பருவம் என்ற அளவில் சோதனை முயற்சியைத் தொடங்கலாம். அந்தப் பருவத்தில் இணைப்பு எத்தனை முறை அறுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, மின்தடையின்போது பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கியது, உள்நுழைய மாணவர் எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்பவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து வந்தாலே, அடுத்த கட்டத்திற்கான முடிவு தெளிவாகிவிடும். பருவமழைக் காலத்தையும் உள்ளடக்கிய சோதனையாக அது இருக்க வேண்டும். வெயில் காலத்தில் மட்டும் நடத்தப்படும் சோதனை தீவின் உண்மை நிலையைக் காட்டாது.

நிறைவாக, கேபிளை ஒரு நாள் வேண்டுமென்றே துண்டித்துவிட்டு ஆய்வகத்தை நடத்திப் பார்க்க வேண்டும். அன்று கேம்பல் பே மாணவர்கள் வழக்கம்போல் அமர்ந்து செய்முறைத் தேர்வை எழுதி முடித்தால், அந்த ஆய்வகம் தீவுக்குத் தயார் என்று கொள்ளலாம்.